ஒரே ஈற்றுக் குட்டிகள்

அவளுடைய கை சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வருஷம். முந்நூற்றுச் சொச்சம் சுண்டெலிகள். ஒவ்வொன்றையும் பிடரியில் பிடித்துத் தூக்கி, வயிற்றில் சர்க்கரைக் கரைசலை ஊசியால் ஏற்றி, வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கால் மணி, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அளவு குறித்த கை அது. எலி கடித்த தழும்பு மட்டும் பதினொன்று இருக்கிறது. அந்தக் கைதான் சரியில்லையாம். சொன்னது மேடம். சொல்லிக்கொடுத்தது செல்லப்பிள்ளை.

மேடம்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. செல்லப்பிள்ளை அங்கே அவளைவிட ஐந்து வருஷம் மூத்தவன். படிப்பை முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை மேடத்தின் நிழலில் ஒதுங்கியிருந்தான். அவனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. அவன் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் அவன் செல்லப்பிள்ளைதான். அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று நன்றாகவே தெரியும். சேர்ந்த முதல் வாரம், அடித்தட்டில் இருந்த கூண்டை அவள் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தபோது, "மூட்டை, கொஞ்சம் நகரு, மனுஷங்க போகணும்" என்றான். அன்றிலிருந்து மூட்டை. அவளுக்குப் பெயர் வைக்க அவள் இல்லாத இடம் யாருக்கும் தேவைப்படவில்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள்.

அங்கே நடந்துகொண்டிருந்தது ஒரே ஒரு மரபணுவைப் பற்றிய ஆராய்ச்சி. அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளும் மற்ற எலிகள் தின்கிற அதே கொழுப்புத் தீனியைத்தான் தின்றன. அதே அளவுதான் தின்றன. அவள் தினம் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் அவை கொழுக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். அவளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. அவள் வீட்டில் இருபது வருஷமாக நடக்கிற சங்கதிதானே. ஒரே அடுப்பில் வெந்ததைத்தான் மூன்று பேரும் தின்றார்கள். தங்கை ஈர்க்குச்சி மாதிரி நின்றாள். அவளும் அம்மாவும் தண்ணீர் குடித்தாலே ஊதினார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியும் வந்து சேர்ந்தது. மாதாமாதம் டாக்டர், "வாயைக் கட்டுங்கம்மா" என்பார். அம்மா களவில் பிடிபட்டவள் மாதிரித் தலையைக் குனிந்துகொள்வாள். தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் அடிக்கிறவள், மதியச் சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிட்டு வருகிறவள் அவள். டாக்டருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

அம்மா ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "எலி டாக்டர்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். எலிக்கு வைத்தியம் பார்க்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் அவளை மரியாதையாகத்தான் பார்த்தார்கள். ஒரு முறை எதிர்வீட்டுக்காரர், தன் கடையில் எலித்தொல்லை தாங்கவில்லை, ஏதாவது செய்ய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மேடத்துக்கு வேண்டியிருந்தது இரண்டு காரியம். மரபணுவை எடுத்தால் கொழுப்பும் குறைய வேண்டும், ரத்தத்தில் சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். இரண்டும் வந்தால் பெரிய பத்திரிகையில் போடலாம், மருந்துக் கம்பெனிக்காரன் வாசலில் வந்து நிற்பான். அவள் எலிகள் பாதிக்குத்தான் ஒத்துழைத்தன. கொழுப்பு குறைந்தது. சர்க்கரை இம்மியும் அசையவில்லை. மரபணு இருக்கிற எலிக்கும் இல்லாத எலிக்கும் அளவு ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கியது.

அவள் ஒப்பிட்டது உடன்பிறந்த குட்டிகளை. ஒரே தாய் ஒரே ஈற்றில் போட்ட குட்டிகளில் சிலதுக்கு அந்த மரபணு இருக்கும், சிலதுக்கு இருக்காது. மற்றபடி அப்பன், ஆத்தாள், கூண்டு, தீனி எல்லாம் ஒன்று. அப்படி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற வித்தியாசம் அந்த மரபணுவால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியும். ஒரு ஈற்றில் எட்டுக் குட்டி விழுந்தால் தேறுவது இரண்டோ மூன்றோதான். மாசக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். அவள் காத்துக்கிடந்தாள்.

அந்த முடிவைத்தான் மேடத்தின் அறையில் செல்லப்பிள்ளை ஒரே மூச்சில் ஊதித் தள்ளினான். இவள் பிடிக்கிற பிடியில் எலி மிரள்கிறது, மிரண்டால் சர்க்கரை ஏறும், எல்லா எலிக்கும் ஏறிவிட்டால் வித்தியாசம் எங்கே தெரியும் என்றான். அன்றுவரை அவள் அண்ணா என்று கூப்பிட்ட ஆள். மேடம் அவளுடைய வரைபடங்களை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"இனிமே அவனே பண்ணட்டும். நீ எலிங்களைப் பார்த்துக்கோ. அது உனக்கு நல்லா வருது."

அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவளுக்குக் கணக்கு சுத்தமாகப் புரிந்தது. அவன் செய்து வேறு முடிவு வந்தால் அவளுடைய மூன்று வருஷமும் குப்பை. பட்டம் அந்த மூன்று வருஷத்தின் மேல்தான் நிற்கிறது. அவள் சொன்னது நிற்கும், இல்லை அவன் சொல்லப்போவது நிற்கும். இரண்டும் நிற்க இடமில்லை.

அறையைவிட்டு வெளியே வந்தபோது அவள் அழவில்லை. அண்ணா என்ற சொல்லை மட்டும் அன்றோடு தலைமுழுகினாள்.

மறுவாரம் செல்லப்பிள்ளை எலி வீட்டுக்கு வந்தான். எலி வீடு என்பது ஜன்னல் இல்லாத இரண்டு பெரிய அறைகள். தரையிலிருந்து கூரைவரை கூண்டுத் தட்டுகள், ஓயாத காற்றாடிச் சத்தம், எவ்வளவு கழுவினாலும் போகாத ஒரு மூத்திர வாடை. அதை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் அக்கா என்பார்கள். மேடமும் அக்கா என்பார். அக்காவுக்கு எந்தக் கூண்டில் எது சினை, எது கடிக்கும், எது சும்மா பயம் காட்டும் என்பது தலைகீழ்ப் பாடம்.

முதல் அறையில் மேடத்தின் எலிகள். கூண்டுகளில் வெள்ளை அட்டை. அடுத்த அறையில் வேறொரு ஆய்வுக்கூடத்தின் எலிகள், மஞ்சள் அட்டை. இரண்டும் கறுப்பு. பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. இரண்டுக்கும் முப்பாட்டன் ஒன்றுதான். ஆனால் எத்தனையோ பத்து வருஷங்களுக்கு முன்னால் பிரிந்து தனித்தனியாகப் பெருகிய கூட்டங்கள். பிரிந்த பிறகு மஞ்சள் அட்டைக் கூட்டத்தில் வேறொரு மரபணுவில் ஒரு துண்டு தானாகவே உடைந்து காணாமல் போயிருந்தது. அதனால் அந்த எலிகளின் உடம்பு இன்சுலினை மந்தமாகத்தான் விடும். ஏறிய சர்க்கரை இறங்க நேரம் பிடிக்கும். இது ஒன்றும் பரம ரகசியம் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது படித்திருப்பார்கள். படித்துவிட்டு, அவசரம் வரும்போது மறந்துவிடுவார்கள்.

செல்லப்பிள்ளைக்கு அவசரம். நேர்காணலுக்கு நாள் குறித்திருந்தார்கள், அதற்குள் கையில் கட்டுரை வேண்டும். மரபணு நீக்கிய எலிகள் இருபத்துநான்கு இருந்தன. ஒப்பிட அதே எண்ணிக்கையில் சாதாரண எலி வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றான். உடன்பிறந்தவை அவ்வளவு இல்லை என்று அக்கா சொன்னாள். அவன் அடுத்த அறையைக் காட்டினான்.

"தம்பி, அது உங்க எலிக்குச் சொந்தமில்ல. மஞ்சக் கார்டு போட்டிருக்கு பாருங்க. சோதனைக்கு ஆகுமான்னு கேட்டுக்குங்க."

"கறுப்பு எலின்னா கறுப்பு எலிதான்கா. எடுத்துக் குடுங்க, சீட்டு அப்புறமா தர்றேன்."

அவள் தீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாலடி தூரத்தில் நின்றாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. இது நடக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. மூன்று வருஷமாக எலியோடு எலியாகக் கிடந்தவளுக்கு வாய் தானாகத் திறந்தது. "சார், அந்த எலி..." என்று ஆரம்பித்தாள்.

அவன் திரும்பினான். கதவருகில் புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள்.

"மூட்டை, முதல்ல டப்பாவைக் கீழ வை. அது எலித்தீனி. வாய்ல போட்டுக்காத."

மாணவர்கள் சிரித்தார்கள். ஒருவன் நிஜமாகவே சிரித்தான், இன்னொருவன் மரியாதைக்குச் சிரித்தான். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மூடிய வாயை ஐந்து மாதம் திறக்கவில்லை.

நடக்கப்போவது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மஞ்சள் அட்டை எலிகளுக்குச் சர்க்கரை மெதுவாக இறங்கும். அவற்றின் பக்கத்தில் வைத்தால் மேடத்தின் எலிகள் மகா ஆரோக்கியமாகத் தெரியும். நீக்கிய மரபணுவால்தான் இந்த மகிமை என்று செல்லப்பிள்ளை ஊரைக் கூட்டிச் சொல்வான். அன்றைக்கே எடுத்துச் சொன்னால் என்ன ஆகும்? எலிகளைத் திருப்பிக் கொடுப்பான், நல்லவேளை என்று பெருமூச்சு விடுவான், ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுவான். அவள் கை சரியில்லாத கையாகவே இருக்கும். அதற்கு அவள் தயாரில்லை. அவன் உச்சாணியில் ஏறட்டும், எல்லோரும் அண்ணாந்து பார்க்கட்டும், அதன் பிறகு சொல்வோம் என்று கறுவிக்கொண்டாள்.

அக்கா வேறு வழியில்லாமல் எலிகளை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் அட்டைகள் கூண்டில் பரப்பியிருந்த பழைய உமியோடு குப்பைக்குப் போயின. அவன் தன் கையாலேயே வெள்ளை அட்டை எழுதிச் செருகினான். எலிகளுக்கு அடையாளம் வைக்கக் காதில் ஓட்டை போடுகிற வேலை மூட்டைக்கு. அவள் இருபத்துநான்கு எலிகளுக்கும் ஓட்டை போட்டாள். வழக்கமாகத் தூக்கிப் போடுகிற கடுகளவு காதுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகச் சிறு குப்பிகளில் எடுத்து, எண் எழுதி, உறைபெட்டியின் அடித்தட்டில் தன் பெயர் போட்ட பெட்டியில் வைத்தாள். கத்தியை அவனே தீட்டிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்த ஐந்து மாதமும் அவளைப் போல ஒரு உதவியாளை யாரும் பார்த்திருக்க முடியாது. கேட்பதற்கு முன் ஊசி எடுத்துக் கொடுத்தாள். அவன் தவறாகக் குறித்த எடையைத் திருத்திக் கொடுத்தாள். பட்டினி போட வேண்டிய நாளில் கூண்டை மாற்றி, பழைய உமியில் சிந்திய தீனியை எலி பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொண்டாள். சோதனையில் வேறு எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது. அவன் சொல்லித் தப்பிக்க ஒரு சாக்கும் கிடைக்கக் கூடாது.

ஒரே ஒரு நாள் உறுத்தியது. கடைசி நாள், நாற்பத்தெட்டு எலிகளையும் கொன்று உள்ளே இருக்கிற கொழுப்பை எடுத்து நிறுத்தார்கள். பாதி எலிகள் எதற்கும் உதவாத ஒப்பீட்டுக்காகச் சாகின்றன என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு உள்ளே வந்து மீதியையும் நிறுத்தாள்.

வரைபடம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. இரண்டு கோடுகள், நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடைவெளி. மேடம் அதைத் திரையில் வைத்து, அவளைப் பார்த்து, "கைன்னா இதுதான் கை" என்றார். கட்டுரையில் முதல் பெயர் செல்லப்பிள்ளை. கடைசிப் பெயர் மேடம். அவள் பெயர் நன்றி சொல்கிற பத்தியில், எலிகளைப் பராமரித்ததற்காக.

அதை வாசித்த அன்று மாலை வீட்டில் அவள் உறைபெட்டிக் குப்பிகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். காதுத் துணுக்குகளில் பன்னிரண்டைச் சோதித்தாகிவிட்டது. பன்னிரண்டிலும் அந்த மரபணுத் துண்டைக் காணோம், எல்லாம் மஞ்சள் அட்டைக் கூட்டமேதான். அம்மா பொத்தான் தைத்தபடி அவளையே பார்த்தாள்.

"யாரையாவது அடிக்கப் போறியாடி?"

"இல்லம்மா. ஒரு கேள்விதான் கேக்கப் போறேன்."

"கேள்வி கேக்கிறவ மூஞ்சி மாதிரி இல்லையே இது" என்றாள் அம்மா. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று மட்டும் சொன்னாள்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் வெளியிலிருந்து மூன்று நிபுணர்களை வரவழைத்து ஒரு கூட்டம் வைப்பது அங்கே வழக்கம். மத்தியானம் இரண்டு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. செல்லப்பிள்ளை புதுச் சட்டையில் இருந்தான். நாற்பது நிமிஷம் பேசினான். நன்றாகத்தான் பேசினான், அதை அவளே ஒப்புக்கொள்வாள். மேடம் முதல் வரிசையில் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். கேள்வி கேட்கலாம் என்றதும் அவள் கடைசி வரிசையில் எழுந்தாள்.

"சாதாரண எலிங்களை எங்கேர்ந்து எடுத்தீங்க, சார்?"

நம் எலி வீட்டிலிருந்துதான், எங்கிருந்து எடுப்பார்கள் என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எந்த அறை என்று கேட்டாள். அவன் மேடத்தைப் பார்த்தான். இரண்டும் ஒரே வம்சம்தானே என்றான். உடன்பிறந்தவையா என்று கேட்டாள். மேடம் திரும்பி, இதையெல்லாம் நம் அறையில் பேசிக்கொள்ளலாம், உட்கார் என்றார். நிபுணர்களில் தலை நரைத்த ஒரு அம்மாள் பேனாவை மூடிவிட்டு, அந்தப் பெண் பேசட்டும் என்றார்.

அவள் முன்னால் நடந்து போனாள். பேச்சை ஐந்து மாதம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்ததால் ஒரு சொல் பிசகவில்லை. பன்னிரண்டு துணுக்குகளின் சோதனையைத் திரையில் போட்டாள். அந்தக் கூட்டத்து எலிக்குப் பிறப்பிலேயே சர்க்கரை மெதுவாக இறங்கும் என்றாள். நீங்கள் பார்த்த வித்தியாசம் மேடத்தின் மரபணுவால் வந்ததில்லை, பக்கத்து அறையிலிருந்து வந்தது என்றாள். அதன் பிறகு மேசை ஓரத்துக்குத் தள்ளப்பட்ட தன் வரைபடங்களைப் போட்டாள். ஒரே ஈற்றுக் குட்டிகள், மூன்று வருஷம். கொழுப்பு குறைகிறது, சர்க்கரை அசையவில்லை.

நரைத்த தலை அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது யார் செஞ்சது?"

"நான்தான். இந்தக் கையாலதான்."

செல்லப்பிள்ளை தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அது காலி. காலி பாட்டிலையே வாயில் வைத்துக் குடித்தான். அவன் கழுத்தோரம் புதுச் சட்டை வியர்வையில் நனைந்து நிறம் மாறுவதை அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். வாழ்க்கையில் எதுவும் அவளுக்கு அவ்வளவு ருசித்ததில்லை.

அந்த ருசி மூன்று நாள்தான் நின்றது.

மூன்றாம் நாள் அக்காவுக்கு ஓர் உத்தரவு வந்தது. செல்லப்பிள்ளை சரியான எலியைத்தான் கேட்டான், எலி வீட்டுப் பணியாளர் அட்டையைப் பார்க்காமல் தவறான எலிகளைக் கொடுத்துவிட்டார், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். மேடத்தின் கையெழுத்து. எலி கேட்டு எழுதித் தருகிறேன் என்று அவன் சொன்ன சீட்டு கடைசிவரை வரவே இல்லை. எலி வீட்டுப் பதிவேட்டில் 'கறுப்பு, ஆண், இருபத்துநான்கு, கொடுக்கப்பட்டது' என்று அக்காவின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. பழியை அவள் தலையில் கட்டிவிட்டுச் செல்லப்பிள்ளை கை கழுவிக்கொண்டான். கட்டுரை போனால் போகட்டும், பெயர் தப்பித்தால் போதும் அவனுக்கு. ஏமாந்தவன் என்று சொன்னால் எந்த நேர்காணலிலும் இரக்கப்படுவார்கள்.

அவள் ஓடியபோது அக்கா எலி வீட்டு வாசலில் சாவிக்கொத்தை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு அசதிதான் இருந்தது.

"நான் சொன்னேன்ல பாப்பா? நீ அங்கதானே நின்னே?"

"நின்னேன்கா. எல்லாத்தையும் கேட்டேன்."

"அப்ப அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. எனக்குத்தான் படிப்பு இல்ல, நான் சொன்னா எடுபடாது. நீ படிச்சவ." அக்கா செருப்பை மாட்டினாள். "நீ அவனுக்குப் பொறி வச்சே. அது என் மேல வந்து விழுந்திருக்கு."

செல்லப்பிள்ளைக்காக அவள் ஒரு கணம்கூட வருந்தியதில்லை, இனியும் வருந்தப் போவதில்லை. ஆனால் வெயிலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போன அக்காவின் முதுகை அவளால் பார்க்க முடியவில்லை. பல்லைக் கடித்தபடி நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போய், நான்தான் சாட்சி, என்னை விசாரியுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நிர்வாக அதிகாரி, நரைத்த தலை அம்மாள், மேடம். அவள் நடந்ததைச் சொன்னாள். அக்கா என்ன எச்சரித்தாள், அவன் என்ன சொன்னான், சீட்டைப் பற்றி என்ன சொன்னான், எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தாள்.

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. காற்றாடி ஓடுகிற அறை, நாலடி தூரம், கையில் டப்பா, இவளுக்கு எப்படி எல்லாம் அட்சர சுத்தமாகக் கேட்டிருக்கும் என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டிருந்தா, அவ்வளவு விவரம் தெரிஞ்சவ, அன்னைக்கே சொல்லியிருப்பா. சொல்லல. அப்போ கவனிக்கல. இப்போ வேலைக்காரியைக் காப்பாத்தக் கதை சொல்றா."

அதிகாரி நல்ல மனுஷர். அவருக்கும் ஒரு மகள் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளுடைய வாக்குமூலத்தைத் தானே தட்டச்சு செய்து முன்னால் வைத்தார். கடைசி வரி இப்படி இருந்தது: எலிகள் வேறு என்பதைக் கவனக்குறைவால் உரியவர்களிடம் தெரிவிக்கத் தவறினேன்.

"இதோட விட்டுடும்மா. வெறும் எச்சரிக்கையோட போயிடும். உன் மூணு வருஷ வேலை சரின்னு அந்த அம்மா எழுதிக் குடுத்துட்டாங்க. பட்டம் நேரத்துக்கு வந்துடும்."

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டால் மேடம் சொன்னது உண்மையாகிவிடும். கவனிக்காதவள் சாட்சி செல்லாது. அக்கா போக வேண்டியதுதான், செல்லப்பிள்ளை ஏமாந்த அப்பாவியாக வேறு ஊருக்கு வேலைக்குப் போவான்.

"மாத்தி எழுதினா என்ன ஆகும் சார்?"

அதிகாரி விரல் விட்டுச் சொன்னார். ஒரு வருஷம் ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. பட்டம் தள்ளிப்போகும். மேடம் இனி வழிகாட்ட மாட்டார், வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். தெரிந்தே தவறான சோதனையை நடக்கவிட்டவள் என்கிற தாள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும், வேலை கேட்டுப் போகிற இடத்துக்கெல்லாம் அது அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

அவள் பேனாவை எடுத்தாள். கவனக்குறைவால் என்ற சொல்லைக் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்தாள். அதன் மேல், வேண்டுமென்றே, என்று எழுதினாள். அது போதவில்லை என்று தோன்றியது. கீழே இடம் இருந்தது.

'ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தப்பு என்று அந்த நிமிஷமே தெரியும். சொன்னால் திருத்திக்கொள்வார். திருத்திக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. அக்கா எச்சரித்தார். சோதனை செய்தவர் கேட்கவில்லை. இது அத்தனையும் நான் கவனித்துக் கேட்டது.'

அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இப்படி யாரும் தன்னைப் பத்தியே எழுதிக் குடுக்க மாட்டாங்கம்மா."

"அதனாலதான் சார் நம்புவாங்க."

கையெழுத்துப் போட்டாள். எழுந்து கதவைத் திறந்தாள். நடைவழி பெஞ்சில் செல்லப்பிள்ளை உட்கார்ந்திருந்தான், முழங்காலில் ஒரு கோப்பு, அதன் மேல் இரண்டு கையும். அவளைப் பார்த்ததும் பாதி எழுந்தான்.

"என்னன்னு எழுதிக் குடுத்தே?"

மூட்டை என்று கூப்பிட அவனுக்கு இப்போது வாய் வரவில்லை. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வருஷத்தைக் கொடுத்து வாங்கிய பார்வை அது, அவசரப்பட்டு வீணாக்க அவளுக்கு மனமில்லை.

"உள்ள போங்க. படிச்சுக் காட்டுவாங்க" என்றாள். அவன் நுழைவதற்கு வசதியாகக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.